திருமலையில (திருகோணமலை) பழைய ஸ்டீரியோ செட் தேடுற ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களா?

வடகரைவீதி
வணக்கம் எல்லாருக்கும். நேத்து சீலிங் பேனுக்கு கப்பாசிட்டர் ஒண்டு தேடி மத்திய வீதிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனன். கப்பாசிட்டர் இல்லை. ஆனா உள்ளுக்க துருப்பிடிச்ச தையல் மெஷின் காலும் பேன் கூடும் குவிச்சு வச்ச இடத்தில ஒரு குரோம் கைபிடி மட்டும் வெளிய நீட்டிக்கொண்டு கிடந்தது, இழுத்துப் பாத்தா நஷனல் பனசொனிக் ஸ்டீரியோ செட், ரெண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர், நடுவில ஊசி ஆடுற மீட்டர் ரெண்டு, கசட் ஒண்டு போடலாம். பின்னால மொடல் நம்பர் ஒட்டியிருந்த இடம் உரிஞ்சு போச்சு. சின்ன வயசில பக்கத்து வீட்டில இதே மாதிரி ஒண்டு இருந்தது, அவங்க வீட்டுக்காரர் டோஹாவில இருந்து கொண்டந்தது, எங்களைத் தொட விடமாட்டாங்க, வேலிக்கு இங்கால நிண்டுதான் கேக்கிறது.

கடைக்காரர் முதல்ல 12,000 சொன்னார். நான் வச்சிட்டு வெளிய வந்தன். திரும்பக் கூப்பிட்டு 6,500 எண்டார், வாங்கிட்டன். கடையில பிளக் பொயிண்ட் வேலை செய்யேல்லை எண்டதால போட்டுப் பாக்கேல்லை (தெரியும், திட்டாதீங்க). மட்டைப் பெட்டியில வச்சு பஸ் ஸ்டாண்டில இறக்கி வச்சா மான் ஒண்டு வந்து மட்டையைப் பிச்சுத் தின்னுது, எங்கட ஊர் மானுக்கு எதுவும் தப்பாது.

வீட்ட வந்து கரண்ட் குடுத்தா றேடியோ பாடுது, ஆனா ஊஊஊ எண்டு ஒரு இரைச்சல் கூடவே வருது. வலது பக்கம் சத்தமே இல்லை. கசட் பட்டனை அமத்தினா உள்ள மோட்டர் சுத்துற சத்தம் கேக்குது, ரேப் அசையுதில்லை. காசு தண்ணியில போட்டனா? இன்னும் எங்க தேடலாம் எண்டும் சொல்லுங்க.

பழசுப்பைத்தியம்
அட கொடுத்து வச்ச மனிசன், நான் அந்தக் கடை வாசலால கிழமைக்கு மூண்டு தரம் போறன், ஒரு நாளும் கண்ணில படேல்ல. மீட்டர் ஊசி ரெண்டும் ஆடுதெண்டா 6,500 நட்டமில்லை. படம் போடுங்க. ஒரு கேள்வி, பின்னால பற்றறி மூடி இருக்கா?

வடகரைவீதி
மூடி இல்லை. உள்ள ஸ்பிரிங் பச்சை நிறமா பூத்துப் போய் கிடக்கு, ரெண்டு ஸ்பிரிங் கையோட வந்திட்டுது.

ஈயப்புகை
தம்பி, காசு தண்ணியில போகேல்லை. நான் 85ல இருந்து இந்த வேலை, இப்ப கண் சரியில்லாததால கடை பூட்டியாச்சு, ஆனா சொல்லித் தரலாம். நீர் சொன்ன மூண்டு வருத்தமும் மூண்டு வேற வேற வருத்தம், ஒண்டும் பெரிசில்லை.

முதல் இரைச்சல். அது கரண்டில மட்டும் வருதா, பற்றறியிலயும் வருதா எண்டு பாரும். பற்றறியில வராட்டி பவர் பக்கம் இருக்கிற பெரிய பில்டர் கப்பாசிட்டர் காஞ்சு போச்சு எண்டு அர்த்தம். நாப்பது வருசத்துக்கு அது காயாமல் இருந்தாத்தான் அதிசயம். அதே அளவு மைக்றோபரட், வோல்ட் அதே அல்லது கூட, பிளஸ் மைனஸ் மாறாமல் போடும்.

வலது பக்கம் சத்தமில்லை எண்டதுக்கு ஸ்பீக்கரைக் கழட்ட வேண்டாம். நூத்துக்கு எண்பது செட்டில இதே கதைதான். உள்ள பலகையில நீட்டா ஒரு ஸ்விச் இருக்கும், றெக்கோட் பட்டனை அமத்தேக்க அதுதான் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும், ஒரு டசின் ரெண்டு டசின் முனை அதில. றேடியோ சத்தமும் அதுக்குள்ளாலதான் போகுது. ஆரும் வருசக்கணக்கா றெக்கோட் பண்ணாட்டி அந்த முனை எல்லாம் கறுத்துப் போகும். கொன்டாக்ட் கிளீனர் ரெண்டு துளி விட்டு அம்பது தரம் ஆட்டும். வலது பக்கம் தானா வரும். கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிறேயை உள்ள அடிச்சிராதீர், அது பிறகு தூசியை இழுத்து வச்சிருக்கும்.

ரேப் அசையாதது பெல்ட். மோட்டர் சுத்துது, ஆனா சுத்துறதைக் கொண்டுபோற றப்பர் வளையம் அறுந்திருக்கும், இல்லாட்டித் தார் மாதிரி உருகி பெல்ட் ஓடுற சில்லில ஒட்டியிருக்கும். அந்தத் தாரைக் கையால தொட்டா மூண்டு நாளைக்குப் போகாது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில பஞ்சு நனைச்சுத் துடையும், தின்னர் வேண்டாம், பிளாஸ்ரிக்கைத் தின்னும். பழைய பெல்ட் முழுசா இல்லாட்டி, அது போற வழியில ஒரு நூலை இறுக்கமில்லாமல் சுத்தி நீளம் எடும், அதை விட நூத்துக்கு அஞ்சு பத்து வீதம் குறைஞ்ச சுற்றளவில வாங்கும். வாழைக்காய்ப் பொரியல் பக்கெட்டுக்குப் போடுற றப்பர் பாண்ட் போட்டு ஓட்டுறவங்களும் இருக்கிறாங்க, பாட்டு அழுது அழுது பாடும்.

இனி பற்றறிப் பெட்டி. திருமலையில செட் வாங்கேக்க நான் முதல்ல பாக்கிறது முகப்பை இல்லை, அங்கதான். கடலுக்குத் தூரத்தில கிடந்த செட்டில பற்றறி ஒழுகினா அந்த ஸ்பிரிங் மட்டும்தான் போகும். எங்கட ஊரில பற்றறி ஒழுக்கும் கடல் காத்தும் சேந்தால் ஸ்பிரிங்கில இருந்து வயர் வழியா ஏறி பலகையில செப்புக் கோடு வரைக்கும் அரிச்சிடும். ஒரு டோச் அடிச்சுப் பாரும், வயரைக் கொஞ்சம் சுரண்டினா உள்ளுக்குச் செப்பு கறுப்பா இருந்தா அந்த வயர் முழுக்க மாத்தோணும். பழைய சாதாரண பற்றறி ஒழுகினதெண்டா அப்பச்சோடாவைத் தண்ணியில குழைச்சுத் துடையும், அல்கலைன் பற்றறி எண்டா விநாகிரி. மாத்திப் போட்டா வேலை செய்யாது.

கிண்ணியாக்காரன்
ஈயப்புகை நானா செல்ற உப்புக் கதைக்கு எங்கட வீட்டிலயே சாட்சி இரிக்கு. வாப்பா சவூதியில நாலு வருசம் நிண்டு 84ல வரக்குள்ள ஷார்ப் ஒண்டு கொண்டந்தார், அந்த நேரம் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை (பாலம் திறந்தது 2009ல தானே), பாதையிலதான் (ஆக்களை அக்கரைக்கு ஏத்துற மிதவைப் படகு) ஏத்தி வரணும், பாதையில வாற வழியெல்லாம் வாப்பா அதை மடியில வச்சிக்கிட்டு ஒரு ஆளுக்கும் குடுக்கல்லியாம், கரையில இறங்கினதும் ஊர்ப் பொடியன்கள் எல்லாம் பின்னாலயே வீடு மட்டும் வந்தாங்கண்டு உம்மா இப்பயும் செல்லுவா.

2004 டிசம்பர் 26 தண்ணி வந்த நேரம் செட் அலுமாரிக்கு மேல இருந்தது. அலுமாரியே விழுந்திட்டு. ரெண்டு நாள் கழிச்சு வளவில சேத்துக்குள்ள கிடந்து எடுத்தம். வாப்பா அதைக் கிணத்துத் தண்ணியால கழுவி வெயில்ல வச்சார், கிணத்துத் தண்ணியும் அந்த நேரம் உப்புத்தானே. ஒரு கிழமை கழிச்சுப் போட்டா பாடிச்சு! எல்லாரும் ஆச்சரியப்பட்டம். மூணு மாசம் பாடி இரிக்கும், பிறகு ஒவ்வொண்டா நிண்டிச்சு, முதல்ல கசட், பிறகு ஒரு பக்கம், பிறகு மொத்தமா. திறந்து பாத்தா பலகையில செப்பு எல்லாம் பச்சை மாவா உதிருது.

அதால புதுசாத் தேடுற ஆக்களுக்கு ஒண்டு செல்றன். கரையோரம் விக்கிற செட்டில ஸ்பீக்கர் வலைக்குள்ள, ட்யூனர் கண்ணாடி ஓரத்தில மெல்லிய மண் கோடு இரிக்கிதா பாருங்க. இரிந்தா அது அந்தத் தண்ணி குடிச்ச செட். இனாமாத் தந்தாலும் பார்ட்ஸுக்கு மட்டும் எடுங்க.

வாப்பா மவுத்தாகி ஆறு வருசம். செட் இன்னும் அலுமாரிக்கு மேலதான் இரிக்கு, அதே இடம். வேலை செய்யாது. கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க, உம்மா தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டா.

தொண்ணூறுநிமிசம்
நானும் என்ர மடத்தனத்தைச் சொல்லிடுறன். போன வருசம் கொழும்பில ஜப்பான் கொன்டெய்னர் சாமான் விக்கிற இடமொண்டில சொனி செட் ஒண்டு, கீறல் கூட இல்லை, புதுசு மாதிரி, 18,000. விக்கிற தம்பி 'அண்ணா ஜப்பான் சாமான், கண்ணை மூடிக்கொண்டு எடுங்க' எண்டான். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தன். இரவு பஸ்ஸில ஏழு மணித்தியாலம் காலுக்கிடையில வச்சுக் கொண்டந்து, ரெண்டு தட்டைக் கால் பிளக்குக்கு ஒரு அடாப்டர் குத்தி சுவரில குடுத்தன். ஒரு செக்கன். டப் எண்டு ஒரு சத்தம், பிறகு மீன் கருகின மாதிரி ஒரு மணம். ஜப்பானில 100 வோல்ட், எங்கட வீட்டில 230. பின்னால எழுதியும் இருக்கு, நான்தான் வாசிக்கேல்ல. மனிசி ஒண்டும் பேசேல்ல, யன்னலை மட்டும் திறந்து விட்டா. அதுதான் கூட வலிச்சது.

இப்ப அது புத்தகத்தை நிமித்தி வைக்க உதவுது. ஏதாவது செய்யலாமா ஐயா?

ஈயப்புகை
செய்யலாம், உடன மனம் விடாதீர். அந்த மாதிரி ட்ரான்ஸ்போமருக்குள்ள முதல் சுத்தோட ஒரு சின்ன தேர்மல் பியூஸ் வச்சிருப்பாங்க, சூடு ஏறினா அறுந்து போகும். உம்மட அதிர்ஷ்டத்துக்கு அது மட்டும் போயிருந்தா மிச்சம் தப்பியிருக்கும். மணம் வந்ததால கப்பாசிட்டரோ அம்பிளிபையர் ஐசியோ போயிருக்கவும் கூடும். கரண்டைத் தொடாமல் பற்றறியில போட்டுப் பாரும், எட்டுப் பெரிய பற்றறி எண்டா 12 வோல்ட், ஆறு எண்டா 9. பாடினா அப்பிடியே வெளி சப்ளையில ஓட்டலாம். ஆனா கவனம், பழைய ஜப்பான் செட் கனத்தில டிசி ஓட்டைக்கு நடுவில மைனஸ், இப்ப வாற அடாப்டர் அநேகமா நடுவில பிளஸ். பக்கத்தில சின்னதாப் படம் கீறியிருப்பாங்க, மீட்டர் வச்சும் பாரும். இன்னொருக்கா மீன் கருகக் கூடாது.

இன்னொரு விசயமும் ஆரும் சொல்லேல்ல. ஜப்பானுக்குள்ள விக்கச் செய்த பழைய செட்டில எஃப்எம் 76ல தொடங்கி 90ல முடியும். எங்கட ஸ்டேஷன் கனக்க 90க்கு மேல. திருத்தி முடிச்சுக் கொக்கு மாதிரி ஏரியலை நீட்டிக்கொண்டு நிண்டாலும் ஊர்ப் பாட்டு வராது. ஜப்பான் கார் றேடியோவில எங்கட ஸ்டேஷன் பிடிக்க பாண்ட் எக்ஸ்பாண்டர் போடுறமே, அதே கதைதான். வாங்க முதல் டயலில கடைசி நம்பர் 108 எண்டு இருக்கா பாருங்கோ. வளைகுடாவால வந்த செட் எண்டா இந்தத் தொல்லை இல்லை, அநேகமா பின்னால வோல்ட் மாத்துற சில்லும் இருக்கும், சிற்றலையும் கூட இருக்கும். 77க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்து விட்டபோது கடைக்கு வந்ததும் அந்த மாதிரி ஏற்றுமதிச் செட்தான். அதனாலதான் பளபளக்கிற ஜப்பான் சாமானை விட, ஊர் வீட்டில புகை பிடிச்ச செட்டுக்கு நான் கூடக் காசு குடுப்பன்.

கொழும்புத்தம்பி
எல்லாரும் சொல்றதப் பாத்தா திருமலைல இன்னும் நல்ல செட் வீட்டுக்குள்ள இருக்கு போல. நான் வாங்குறேன், உடனே கேஷ். ஷார்ப் ஜிஎஃப்-777, ஜேவிசி ஆர்சி-எம்90 இருந்தா வேலை செய்யாட்டியும் பரவால்ல. போன மாசம் நிலாவெளிப் பக்கம் ஒரு வயசான அம்மாட்ட 2,000 ரூபாக்கு ஒண்டு எடுத்தேன், சும்மா கிளீன் பண்ணினதோட கைமாத்திட்டேன், விலை சொன்னா நம்பமாட்டீங்க 😀

பழசுப்பைத்தியம்
நம்புறம் தம்பி, நல்லா நம்புறம். அந்த அம்மாவுக்கு என்ன விலை போகும் எண்டு சொன்னனீரா?

கொழும்புத்தம்பி
அண்ணா இது பிஸ்னஸ். அவங்க அதுல கோழிக்குத் தீன் வச்சிருந்தாங்க மேல. நான் எடுக்காட்டி இரும்புக்காரர் கிலோக் கணக்கில எடுத்திருப்பார்.

வடகரைவீதி
சண்டை வேண்டாம், ஆனா நானும் சொல்லோணும். கடையில விலை பேசுறது வேற, கடைக்காரருக்கு வாங்கி விக்கிறதுதான் தொழில், நான் 6,500க்கு எடுத்தா அவர் 1,000க்கு எடுத்திருப்பார். வீட்டுக்குள்ள போய் அலுமாரிக்கு மேல கையைக் காட்டி 2,000 தாறன் எண்டு கேக்கிறது அப்பிடி இல்லை. 90ல சண்டைக்கு இடம்பெயர்ந்து போகேக்க றேடியோவைத் தூக்கிக்கொண்டு போன வீடுகளும் இருக்கு, விட்டிட்டுப் போய்த் திரும்பி வர வெறும் சுவர் மட்டும் நிண்ட வீடுகளும் இருக்கு. இப்ப மிஞ்சியிருக்கிறது எல்லாம் அதுக்குள்ளால வந்தது. விக்கிறதெண்டா அவங்க விக்கட்டும், ஆனா சரியான விலை தெரிஞ்சு விக்கட்டும்.

கொழும்புத்தம்பி
சரி சரி. அடுத்த முறை விலை சொல்லிட்டே கேக்கிறேன். அப்ப ஒருத்தரும் தரமாட்டாங்க, அதையும் பாருங்க.

கிண்ணியாக்காரன்
தந்தாலும் தருவாங்க தம்பி. தேத்தண்ணி நிச்சயம் தருவாங்க.

கனடாக்குளிர்
நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோ. உங்கட கதையளை வாசிக்க வாசிக்க கை துடிக்குது. எங்களுக்கு 90க்குப் பிறகு கரண்டும் இல்லை பற்றறியும் இல்லை, பற்றறி தடைசெய்த சாமான். சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவில இருந்து வயர் இழுத்து, ஒராள் பெடல் சுத்த மற்ற ஆக்கள் பிபிசி தமிழோசை கேக்கிறது. ஒன்பதேகாலுக்குச் செய்தி. சுத்துறவன் களைச்சா செய்தியும் களைச்சுப் போகும், 'டேய் சுத்தடா, இப்பதானே முக்கியமான இடம்' எண்டு அப்பா சத்தம் போடுவார். ஸ்டீரியோ செட் பெரிசு, அதை டைனமோ தாங்காது, சின்ன றேடியோதான். பெரிய செட்டை அம்மா பழஞ்சீலையால மூடி வச்சிருந்தவ.

ஆரும் ஒரு ஷார்ப் 777 எடுத்து அனுப்பித் தருவீங்களோ? விலை பிரச்சினை இல்லை.

பழசுப்பைத்தியம்
அண்ணை 777 எண்டா ஆறு ஸ்பீக்கர், பத்துப் பெரிய பற்றறி, கசட் ரெண்டு போடுற யானை. செட்டை விட அனுப்புற கூலி கூட வரும். அங்க உங்கட பக்கத்தில வீட்டு வாசல்ல சாமான் பரப்பி விப்பாங்களே, அதில தேடுங்கோ, இஞ்ச இருக்கிறதை விட அங்கதான் கனக்கக் கிடைக்கும். 'பழைய மாடல்' எண்டு புளூடூத் வச்சுப் புதுசா வாறதை மட்டும் வாங்கிடாதேங்கோ. தூக்கிப் பாத்தாத் தெரியும், உள்ள காத்துத்தான்.

தொண்ணூறுநிமிசம்
பற்றறி எண்டதும் ஞாபகம் வருது, 2022 மார்ச்சில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டேக்க எங்கட ஒழுங்கையில பாட்டுக் கேட்டது ஒரேயொரு வீட்டில மட்டும்தான், அந்த வீட்டு மாமாட்ட பழைய சன்யோ ஒண்டு. போனெல்லாம் செத்துக் கிடக்கு, மாமா திண்ணையில செட்டை வச்சிட்டு ராசா மாதிரி இருந்தவர். எனக்கு இந்த வருத்தம் பிடிச்சதே அப்பதான்.

வடகரைவீதி
எல்லாருக்கும் நன்றி, மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், கதை இருக்கு.

செட்டைத் திறந்தன். பின் மூடியில ஆறு ஸ்குரூ, ஒண்டு கைபிடிக்குக் கீழ ஒளிச்சுக் கிடந்தது தெரியாமல் நெம்பினதில ஒரு மூலை வெடிச்சிட்டுது. உள்ள பல்லி முட்டை பதினொண்டு, எறும்புப் புத்து ஒண்டு, ஒரு சட்டைப் பொத்தான். ஐயா சொன்ன நீட்டு ஸ்விச்சுக்குக் கிளீனர் விட்டு ஆட்டினன், எண்ணிக்கொண்டு ஆட்டினன், முப்பத்திரெண்டாவது தரம் வலது பக்கம் 'கர்' எண்டு வந்திட்டுது, அம்பது வரைக்கும் விடாமல் ஆட்டினன். மீட்டர் ஊசி ரெண்டும் ஒண்டாத் துள்ளேக்க மகள் வந்து 'அப்பா இது என்ன, பிரஷர் பாக்கிறதா' எண்டு கேக்கிறாள்.

பில்டர் கப்பாசிட்டர் இஞ்சயே கிடைச்சுது, இரைச்சல் போச்சு. பெல்ட்தான் பெரிய அலைச்சல். திருமலையில நாலு கடை ஏறி இறங்கினன், ஒரு கடையில பொடியன் 'பெல்ட்டா, இடுப்புக்கா' எண்டான். கடைசியா மச்சான் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில பல சைஸ் போட்ட பக்கெட் ஒண்டு வாங்கி பஸ்ஸில குடுத்து விட்டவர். நூலில அளந்த அளவுக்கு அப்பிடியே ஒண்டு இருந்தது.

ஸ்டேஷன் மாத்துற ஊசி அசையாமல் இருந்தது, உள்ள நூல் அறுந்திருந்தது. முதல்ல வீட்டில கிடந்த தங்கூசி (நைலோன் நரம்பு) போட்டன், அது இழுபட்டு இழுபட்டு ஊசி ஒரு பக்கம் போக ஸ்டேஷன் வேற பக்கம் போகுது. பிறகு மீன்பிடிச் சாமான் கடையில பின்னல் நூல், மெல்லிசு, நாலு மீற்றர் வாங்கினன். கடைக்காரர் 'என்ன மீனுக்கு' எண்டு கேட்டார். 'தென்றலுக்கு' எண்டன். நான் சொன்னது தென்றல் எஃப்எம்மை, விளங்கேல்ல அவருக்கு.

இப்ப ஒரே குறை, பாட்டு கொஞ்சம் வேகமா ஓடுது. பாடகருக்கெல்லாம் அவசரம்.

ஈயப்புகை
நல்ல வேலை தம்பி, சந்தோசம். மோட்டருக்குப் பின்னால நடுவில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள தலை தெரியும், அதில மெல்லிய ஸ்குரூடிரைவரால மயிரிழை திருப்பினால் வேகம் மாறும். ரேப் செக்கனுக்கு 4.76 சென்றிமீற்றர் ஓடோணும், கண்ணால அளக்க ஏலாது, அதால நல்லாத் தெரிஞ்ச பாட்டுக் கசட் ஒண்டைப் போட்டு அதே பாட்டைப் போனிலயும் போட்டு ரெண்டும் ஒண்டாப் போகுமட்டும் திருப்பும். 120 நிமிசக் கசட்டைப் போட்டுப் பாக்காதீர், ரேப் மெல்லிசு, சுத்திக் கொள்ளும். ரேப்பை வாசிக்கிற ஹெட்டுக்குப் பக்கத்தில சிவப்பு மையோ மெழுகோ வச்ச ஸ்குரூ ஒண்டு இருக்கும், அதை இப்ப தொட வேண்டாம். நேர வந்து பாக்காமல் அதை நான் சொல்லித் தரமாட்டன்.

வடகரைவீதி
ஐயா… அதையும் திருப்பிட்டன். பழைய கசட் எல்லாம் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கேக்குது. 🙈

ஈயப்புகை
நினைச்சன். எவ்வளவு திருப்பினீர்?

வடகரைவீதி
ரெண்டு சுத்து. மூண்டாகவும் இருக்கலாம்.

ஈயப்புகை
கால் சுத்துக்கே அழோணும். ஞாயிறு பின்னேரம் செட்டைக் கொண்டு பாலையூத்துப் பக்கம் வாரும், இடம் தனி மெசேஜில போடுறன். பெரிய எழுத்தெண்டாக் கண் தெரியுது, சின்ன ஸ்குரூதான் தெரியாது, அதால கை உம்மட, காது என்ர. றெக்கோடிங் பாரில (காசுக்குப் பாட்டுப் பதிஞ்சு குடுக்கிற கடை) அடிச்ச நல்ல கசட் ஒண்டும் கொண்டாரும், சலங்கைச் சத்தம் இருக்கிற பாட்டா இருந்தா நல்லம்.

கிண்ணியாக்காரன்
நானா, ஞாயிறு நானும் வரலாமா? உம்மாட்ட கேட்டன், விக்கத்தான் மாட்டாவாம், காட்டலாமாம்.

ஈயப்புகை
வாங்க. பழைய பல் துலக்குற பிரஷ் ரெண்டும் கொண்டு வாங்க, பச்சை மாவு துடைக்க.